குதிரையைச் சுமந்த வாகனங்கள்

மனிதனைச் சுமப்பதற்கென்றே பிறந்ததாக நாம் எண்ணிப் பழகிவிட்ட குதிரையை, மனிதனே ஒரு வாகனத்தில் ஏற்றிப் பல காத தூரம் சுமந்து செல்ல வேண்டிய அவசியம் மிகப் பழங்காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது. கடல் குறுக்கிட்ட இடத்தில் கப்பலிலும், கால அவகாசம் போதாத இடத்தில் வண்டியிலும், பின்னர் ரயிலிலும் லாரியிலுமாக அது பிரயாணம் செய்துவந்த விருத்தாந்தம், போர்களின் சரித்திரத்திலும் பந்தயங்களின் சரித்திரத்திலும் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றது. இக்காலத்தில் இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஒற்றைக் குதிரை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தார், தங்கள் மோட்டார் வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுக்கத்தக்க டிரெய்லர் ஒன்றை முதன்முதலாக வாங்கப் போகும்போது, அதன் விலையையும் நீள அகலங்களையும் விசாரிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் குதிரையின் மார்புக்கு முன்னே ஒரு கட்டையும் பின்னே ஒரு கட்டையும், நடுவே ஒரு தடுப்பும், காலடியில் வழுக்காத விரிப்பும் ஏன் அமைந்தன என்று கேட்டால், விடை சொல்வதற்கு ஈராயிரம் ஆண்டுக் கதையைத் தொடங்கியாக வேண்டும்.

அந்தக் கதையை நெடுகப் படித்து வருவோர்க்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். வழியில் குதிரை நோயுற்றாலோ மாண்டாலோ அந்த நஷ்டம் யாருடைய தலையில் விழுந்ததோ, அதைப் பொறுத்தே வாகனம் திருந்தியது, அல்லது திருந்தாமற் கிடந்தது. ஏற்றிச் செல்பவனுக்கு நஷ்டம் இல்லாத காலங்களில் குதிரை வெறும் சரக்காகவே ஏற்றப்பட்டது. அது நலமாகப் போய்ச் சேர்வதில்தான் தன் லாபம் இருக்கிறதென்று ஒருவன் கண்டுகொண்ட அன்றைக்கு அதற்கு மெத்தை தைத்த அறை கிடைத்தது.

அசையும் தளத்தின்மேல் நிற்பது குதிரைக்கு எளிதான காரியமன்று. அதன் உடற்பாரத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி முன்னங்கால்களிலேயே தங்குகிறது. வாகனம் திடீரென்று நிற்கும்போது அவ்வளவு பாரமும் முன்னே சாய, அது தலையைத் தூக்கிக் கால்களைப் பரப்பித் தன்னைத் தாங்கிக்கொள்ள முயல்கிறது. பரப்புவதற்கு இடம் இல்லாவிட்டால் பக்கச் சுவரை உதைத்துத் தவிக்கிறது. கடற்பயணத்தில் மனிதன் வாந்தியெடுத்துச் சற்றே ஆறுதல் பெறுவான். குதிரைக்கோ வாந்தியெடுக்கும் சக்தியே இல்லை. தலையைத் தாழ்த்த முடியாதபடி உயரக் கட்டிப் பல மணி நேரம் நிறுத்திவைத்தால், மூச்சுக்குழலில் சேரும் அழுக்கு வெளியேற வழியின்றி நுரையீரலில் இறங்கி, கொடிய காய்ச்சலை உண்டாக்கிவிடும். பழைய நாளில் கப்பலிலிருந்து இறக்கிய சில தினங்களுக்குள் குதிரைகள் மடிந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். காரணம் அறியாத காலத்தில் மக்கள் காற்றையும் தண்ணீரையும் விதியையும் நொந்துகொண்டார்கள்.

கி.மு. 430-இல் ஏதென்ஸ் நகரத்தார், பெரிக்ளீஸின் தலைமையில் பெலொப்பொனீஸின் கரைகளைத் தாக்கப் புறப்பட்டபோது, பழைய கப்பல்களைத் திருத்தியமைத்து 300 குதிரை வீரர்களை அவற்றில் ஏற்றிச் சென்றார்கள் என்று கிரேக்கச் சரித்திராசிரியர் தூசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். சிலுவைப் போர்க் காலத்தில் இந்தக் கலை மத்தியதரைக் கடற்கரை நகரங்களின் பெருந்தொழிலாகவே வளர்ந்தது. 1248-இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியோடு படையெடுத்துச் சென்ற ழுவான்வீல் என்ற பிரபு, மார்செய்ல் துறைமுகத்தில் தாம் கண்ணாரக் கண்டதை வர்ணித்திருக்கிறார். கப்பலின் பக்கத்தில் அமைந்த கதவைத் திறந்து, கரையிலிருந்தே குதிரைகளை நேராக உள்ளே நடத்திச் சென்றார்கள்; பிறகு கதவை மூடி, பீப்பாய்க்கு அடைப்பதுபோல் இடுக்குகளையெல்லாம் இறுக அடைத்தார்கள்; ஏனெனில் கப்பல் பாரமேறிக் கடலுக்குள் சென்றதும் அந்தக் கதவு முழுவதும் தண்ணீருக்குக் கீழே இருக்கும். குதிரையைக் கயிற்றில் கட்டித் தூக்காமல், அதன் காலாலேயே நடந்து ஏறச் செய்ய வேண்டும் என்ற நல்லறிவு அந்தக் கப்பல் தச்சர்களுக்கு இருந்தது. இன்றைய டிரெய்லரின் பின்புறம் இறங்கி ஏறுபலகையாக விரிகின்ற கதவுக்கு அதையே மூதாதையாகக் கொள்ளலாம்.

அதே நூற்றாண்டில் நம் பாண்டி நாட்டுக் கடற்கரையில் நடந்ததோ வேறு கதை. அதற்கு வெகுகாலம் முன்பே சோழநாட்டுக் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரின் வரலாறும் நாடறிந்தது. தமிழகத்துச் சீதோஷ்ண நிலையில் நல்ல குதிரை பெருகி வளரவில்லை. ஆகவே அரசர்கள் அராபியக் கரையையும் பாரசீக வளைகுடாவையும் எதிர்பார்த்திருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் செழித்திருந்த காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன. அக்காலத்தில் இந்நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் 100-கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார்.

அந்தக் குதிரைகள் வந்த கப்பல் எப்படிப்பட்டது என்பதையும் அவரே ஹோர்முஸ் நகரத்தைப் பற்றிக் கூறுமிடத்தில் விவரிக்கிறார். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல், தேங்காய் நாரில் திரித்த கயிற்றால் பலகைகளை ஒன்றோடொன்று தைத்துக் கட்டிய மரக்கலம் அது. அதற்கு மேல்தளம் என்பதும் கிடையாது. வணிகர்கள் முதலில் சரக்குகளை அடுக்கி, அவற்றின்மேல் தோல்களை விரித்து மூடி, அந்தத் தோல்மூடிய சரக்கின்மேல் குதிரைகளை நிறுத்திவிடுவார்கள். அலைதோறும் புரளும் கலத்தில், தலைக்கு மேலே வெயிலும், காலுக்குக் கீழே சமனற்ற மூட்டைகளுமாக, அரபிக்கடலின் முழு அகலத்தையும் அந்தப் பிராணிகள் கடந்துவந்தன. இதைப் படிக்கும்போது, இவற்றுள் எவையேனும் உயிரோடு கரையேறியதுதான் ஆச்சரியம் என்று தோன்றுகிறது.

இந்தக் கொடுமை ஏன் நூற்றாண்டுக் கணக்கில் திருந்தாமல் நீடித்தது? விடை வஸாஃப் என்ற பாரசீக ஆசிரியரின் சரித்திரத்தில் இருக்கிறது. கிஷ் தீவின் ஜமாலுத்தீன் என்ற பெருவணிகர் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை இத்தேசத்துக்கு அனுப்புவதென்று ஓர் ஏற்பாடு இருந்தது. அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசரின் மந்திரியாகவே விளங்கினார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை. வழியில் குதிரைக்கு ஊனம் நேர்ந்தாலும், அது இறந்தே போனாலும், அதன் விலையை அரசாங்கப் பொக்கிஷம் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை! இரண்டு நூற்றாண்டு கழித்து விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மரும் இதே முறையைக் கையாண்டதாகப் போர்ச்சுகீசிய வணிகர் நூனிஸ் தெரிவிக்கிறார்: உயிருள்ளதோ இல்லாததோ, மூன்று குதிரைக்கு 1,000 பர்தாவ் பொன், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் அறுத்துக்கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் கிடைத்துவிடும்.

அரசர்களை இதற்காக முழுவதும் குறை கூறுவதற்கில்லை. பகைவன் வாங்குவதற்குமுன் தாம் வாங்கிவிட வேண்டும், வணிகன் வேறு துறைமுகத்துக்குக் கலத்தைத் திருப்பிவிடலாகாது என்ற ராஜ்ய தந்திரம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் அதன் பலனை அனுபவித்தது குதிரை. இறந்த குதிரைக்கும் இருக்கும் குதிரைக்கும் ஒரே விலை என்றால், எந்த வணிகன் நடுக்கலத்தில் ஒரு கொட்டில் அமைக்கப் பணம் செலவிடுவான்? குடிதண்ணீரைக் கூடுதலாக ஏற்றுவதற்காகச் சரக்கைக் குறைத்துக்கொள்பவன் யார்? மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார்: லாடம் அடித்துக் குதிரை வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் தாங்களும் அழைத்துவர மாட்டார்கள், பிறர் வருவதற்கும் இடங்கொடுக்க மாட்டார்கள், குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்! பொன் கணக்கில்லாமல் கடல்கடந்து போன இந்த வியாபாரத்தில், குதிரையை ஏற்றிவரும் முறையில் ஒரு சிறு அபிவிருத்திகூட நிகழ்ந்ததாகக் காணோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று வேறு திசையிலிருந்து வீசலாயிற்று. ஆங்கிலேய ராணுவத்துக்கு வேண்டிய குதிரைகள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பிரதேசத்திலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வரத் தொடங்கின. அவற்றை 'வேலர்' குதிரைகள் என்றே அழைத்தார்கள். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். ஆஸ்திரேலியக் குதிரைகளைச் சென்னைக் கரையில் இறக்கும் காட்சியை, கட்டுமரங்களும் மசூலாப் படகுமாக, 1830-களில் ஜே. பி. ஈஸ்ட் என்பவர் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார். அந்த மசூலாப் படகும் ஆணியின்றி நார்க்கயிற்றால் தைத்ததே. கரையில் மோதும் அலைக்கு நெகிழ்ந்து கொடுக்கவல்ல அந்தப் பழைய தொழில்நுட்பம் கடைசிக் கட்டத்தில் குதிரைக்கு உதவியாயிற்று. இவ்வியாபாரத்தில் பாண்டியர் காலத்து நிபந்தனை இல்லை. வியாபாரி தன் சொந்தப் பொறுப்பில் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்க வேண்டும். அவை தேறி நின்ற பிறகு ராணுவ அதிகாரிகள் பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள். மெலிந்ததும் நொண்டியதும் வியாபாரியின் நஷ்டம். ஆகவே கப்பல்களில் தனித்தனிக் கொட்டில்களும், மெத்தை தைத்த கட்டைகளும், கூடவே இருந்து பராமரிக்கும் ஆட்களும் படிப்படியாக ஏற்பட்டன. ராணுவம் குதிரைகளைப் பராமரித்த இடங்களுள் ஒன்றாக விளங்கியது ஓசூரை அடுத்த மத்திகிரி. அங்கே இன்றும் அரசாங்கக் கால்நடைப் பண்ணை நடந்து வருகிறது.

தரைவழியில் குதிரையை வண்டியேற்றும் எண்ணம் நெடுங்காலம் எவருக்கும் தோன்றவில்லை; நாலு கால் உள்ள பிராணி நடந்து போகட்டும் என்றே இருந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகள் ஒரு பந்தயத்திடலிலிருந்து மற்றொன்றுக்கு நாளொன்றுக்கு 15 அல்லது 20 மைல் வீதம் நடந்தே சென்றன. தெற்கே பயிற்சி பெறும் குதிரை வடக்கே ஓட வேண்டுமானால் இரண்டு வாரம் வழியிலேயே கழிந்துவிடும். போய்ச் சேர்ந்தபின் களைப்பாற வேறு நாட்கள் வேண்டும். இதற்கு விலக்காக ஓரிரு நிகழ்ச்சிகள் உண்டு. ஓடிய பந்தயம் எதிலும் தோல்வியே காணாத எக்லிப்ஸ் என்ற புகழ்பெற்ற குதிரை, முதுமையில் பாதங்கள் கெட்டு நடக்க முடியாமற் போனபோது, 1788-இல் எப்ஸம் நகரத்திலிருந்து கேனன்ஸ் என்ற இடத்துக்கு நான்கு சக்கர வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டது. 1816-இல் ஸாவரின் என்ற குதிரையை, மாடுகளைக் கொண்டுசெல்லும் வண்டி ஒன்றில் வைத்து நியூமார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். இவற்றைப் பார்த்தவர்கள் அதிசயித்தார்கள், பின்பற்றினார்களில்லை.

பின்பற்றத் தூண்டியது சூதாட்டம். பிற்காலத்தில் பார்லிமெண்டில் பெயர் பெற்ற லார்ட் ஜார்ஜ் பெண்டிங்க், 1836-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டான்காஸ்டரில் நடக்கவிருந்த செயின்ட் லெஜர் பந்தயத்தில் ஈலிஸ் என்ற தம் குதிரையை ஓடவிடக் கருதியிருந்தார். குதிரையோ தென்கோடியில் குட்வுட் என்ற இடத்தில் இருந்தது. இடைவழி 200 மைலுக்கு மேல். பந்தயப் பணம் வாங்குவோர் தங்கள் ஒற்றர்கள் மூலம் விசாரித்து, குறித்த காலத்தில் குதிரை புறப்படவே இல்லையென்று அறிந்ததும், இனி அது நடந்துவந்து ஓடுவது அசாத்தியம் என்று முடிவுகட்டி, ஈலிஸின்மேல் பணம் வைப்பவர்களுக்குப் பன்மடங்கு கொடுப்பதாகக் கூறத் துணிந்துவிட்டார்கள். பெண்டிங்க் எதிர்பார்த்ததும் அதுவே. அவர் லண்டனில் லாங் ஏக்கர் வீதியில் ஹெர்ரிங் என்ற வண்டி செய்பவரிடம் முன்னமே சொல்லி, இரண்டு குதிரைகள் நிற்கத்தக்க பெரிய மூடுவண்டி ஒன்றைச் செய்வித்திருந்தார். உள்ளே பக்கங்களுக்கெல்லாம் மெத்தை தைத்திருந்தது. ஈலிஸுக்குத் துணையாக டிரம்மர் என்ற மற்றொரு குதிரையையும் உடன் ஏற்றினார்கள். பழகிய தோழன் பக்கத்தில் நின்றால் குதிரை கலங்காது என்பதைக் குதிரைக்காரர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

ஆறு குதிரைகள் பூட்டிய அந்த வண்டி, இடையிடையே மாற்றுக் குதிரைகளைக் கொண்டு, நாளொன்றுக்கு 80 மைல் வேகத்தில் வடக்கே விரைந்தது. வழியிலே லிச்ஃபீல்டு நகரத்துப் பந்தயத்திடலில் நிறுத்தி, ஈலிஸை இறக்கி, அதன் கால்களின் பிடிப்பு நீங்கும்படி ஒரு முறை ஓட்டிப் பார்த்து, மீண்டும் ஏற்றிக்கொண்டார்கள். என் அபிப்பிராயத்தில் இந்தப் பிரயாணத்தின் மிகச் சிறந்த அம்சம் அந்த லிச்ஃபீல்டு ஓட்டந்தான். வண்டியில் நிற்பதும் குதிரைக்கு ஓர் உழைப்பே என்பதை முதன்முதலாக உணர்ந்து நடந்துகொண்டவர்கள் அவர்கள். மூன்றாம் நாள் வண்டி டான்காஸ்டர் போய்ச் சேர்ந்தது. ஜான் டே என்ற ஜாக்கி ஏறிச் செலுத்த, ஈலிஸ் பந்தயத்தை வென்றது. நூற்றாண்டுக் கணக்கில் பிராணியிடம் இரக்கத்தால் செய்யப்படாத காரியத்தை, அதன்மேல் வைத்த பணம் ஒரே நாளில் செய்துவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளுக்குள் ரயில் வந்து, அந்தப் பெரிய மூடுவண்டிகளை நெடுவழியினின்றும் விலக்கிவிட்டது. பிரிட்டிஷ் ரயில்வேக்களின் குதிரைப் பெட்டியில் மூன்று கொட்டில்களும், ஒரு கோடியில் குதிரைக்காரன் அமர்வதற்குச் சிறு அறையும் இருந்தன. அவன் தன் அறையிலிருந்தே சிறு கதவைத் திறந்து குதிரையின் முகத்தைப் பார்க்கலாம், தடவிக்கொடுக்கலாம், தீனி வைக்கலாம். இந்தப் பெட்டிகளைச் சரக்கு ரயிலில் சேர்க்காமல் பிரயாணிகள் ரயிலிலேயே இணைத்து அனுப்பினார்கள். இந்திய ரயில்களிலும் குதிரைப் பெட்டிகள் ஓடின.

லாபக் கணக்கு சிறிதும் கலவாமல் குதிரைக்காக ஒரு வாகனம் செய்த புண்ணியம் நியூயார்க் நகரத்துக்குச் சேர்ந்தது. டிராம் வண்டிகளையும் சுமைவண்டிகளையும் இழுத்துத் தெருவிலேயே விழுந்து கிடந்த குதிரைகளைக் கண்டு மனம் பொறாத ஹென்றி பெர்க், 1866-இல் அமெரிக்கப் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தை ஸ்தாபித்தார். அடுத்த ஆண்டிலேயே அச்சங்கம் காயமுற்ற குதிரைகளுக்கென்று ஓர் ஆம்புலன்ஸ் வண்டியை ஓட்டத் தொடங்கியது. அந்த வண்டியின் அடித்தளம் தனியே வெளியே இழுக்கத்தக்கது; விழுந்த குதிரையை அதன்மேல் கிடத்தி, தளத்தோடு உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதே நகரத்தில் பெல்வியூ மருத்துவமனை மனிதர்களுக்காக ஆம்புலன்ஸ் வண்டிகளை ஏற்படுத்தியது 1869-இல்தான்.

மோட்டார் வந்தபின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். லாரியின்மேல் கொட்டில் அமைத்த பெரு வாகனங்கள் பந்தயக்காரர்களுக்கு உதவின. ஒன்றிரண்டு குதிரை வைத்திருக்கும் சாமானிய மக்களுக்கு, காருக்குப் பின்னால் பூட்டும் இரு சக்கர, நாற்சக்கர டிரெய்லர்கள் வந்தன. வேல்ஸ் நாட்டில் 1958-இல் தொடங்கிய ஐவர் வில்லியம்ஸ் தொழிற்சாலை முதலியவற்றின் டிரெய்லர்கள் பிரிட்டிஷ் கிராமங்களில் இன்று எங்கும் காணப்படும். இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாக, முகத்தை முன்னே வைத்து நிற்பது வழக்கமான அமைப்பு. இதை நியூஸிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஹோம்ஸ் என்பவர் ஆட்சேபித்தார். முன்னோக்கி நிற்கும் குதிரை, பிரேக் போடுந்தோறும் தலையும் மார்பும் மோதுமோ என்று அஞ்சுகிறது. பின்னோக்கி நிறுத்தினால் வலிமை மிக்க பின்புறத்தால் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அதற்கேற்ற டிரெய்லர் ஒன்றையும் அவர் செய்தார். குதிரைகள் யாவும் பின்னோக்கி நிற்பதையே விரும்புகின்றனவா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் முன்னோக்கி நிற்பதற்கென்று செய்த டிரெய்லரில் குதிரையைத் திருப்பி நிறுத்தினால், பாரம் இடம் மாறி வண்டியின் சமநிலையே கெட்டுவிடும். அந்தப் பரீட்சை கூடாது.

முதல் டிரெய்லரை வாங்குகிறவர்க்கு இந்தச் சரித்திரத்திலிருந்து சொல்லத்தக்கவை சில உண்டு. நடுத் தடுப்பு தரைவரை பலகையாக இறங்கியிருந்தால் குதிரை கால் பரப்ப இயலாமல் திருப்பங்களில் தவிக்கும். கீழ்ப்பகுதி திறந்தோ வளையும் ரப்பராகவோ இருப்பது நலம். தலையைத் தாழ்த்த இடமும், காற்றோட்டமும், இருட்டுக் குகையாகத் தோன்றாதபடி வெளிச்சமும் வேண்டும். சவாரிக் குதிரை ஒன்று 500 கிலோ அளவு எடையுள்ளது. இரண்டு குதிரையும் டிரெய்லரும் சேர்ந்த பாரத்தை இழுக்கும் அனுமதி தம் காருக்கு உண்டா என்பதை வண்டியின் ஏட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது பின்கட்டையை மாட்டிய பிறகே தலைக்கயிற்றைக் கட்டுக. இறக்கும்போது தலைக்கயிற்றை அவிழ்த்த பிறகே பின்கட்டையை எடுக்க. முறை மாறினால், பின்வாங்கும் குதிரை கயிற்றில் மாட்டித் தன்னையே முறித்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய டிரெய்லரானால் ரப்பர் விரிப்பை முழுவதும் தூக்கிப் பாருங்கள். பல ஆண்டு மூத்திரம் ஊறிய பலகை மேலே நன்றாகத் தோன்றினும் உள்ளே மக்கியிருக்கும். ஓடும் வண்டியில் அது உடைந்து, குதிரையின் கால் தார்ச்சாலையில் தேய்ந்த விபத்துகள் நிகழ்ந்திருக்கின்றன. ஒரு கத்தி முனையால் ஓரங்களிலும் மூலைகளிலும் குத்திப் பார்த்து, வண்டிக்கு அடியில் படுத்துக் கீழ்ப்புறத்தையும் சோதியுங்கள். வர்ணமும் மெத்தையும் எவ்வளவு அழகாக இருந்தாலும், தளம் மக்கிய டிரெய்லரை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.